கருவிக்கு ஒரு கட்சியா?



ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்து, வீட்டில் எல்லோரும் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மகள் கல்லூரியில் சேரப்போகிறாள். அவளுக்கு ஒரு லேப்டாப் வேண்டும். எதை வாங்கலாம் என்று தகப்பனார் பொதுவாகக் கேட்டுவிடுகிறார். மூத்தவன், "ஆப்பிள் மாக் தவிர எதையும் தொடாதீங்கப்பா" என்கிறான். மாப்பிள்ளை, "அந்தக் காசுக்கு ரெண்டு விண்டோஸ் லேப்டாப் வாங்கலாமே மாமா" என்று சிரிக்கிறார். இளையவனோ இருவரையும் ஏளனமாகப் பார்த்து, "நீங்க ரெண்டு பேரும் கம்பெனிக்காரனுக்கு அடிமை, லினக்ஸ் போட்டால் காசே வேண்டாம்" என்கிறான். ரசம் வருவதற்குள் குரல்கள் உயர்கின்றன. மோருக்கு முன்பே மூத்தவன் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிடுகிறான். அந்தப் பெண் என்ன படிக்கப்போகிறாள், அவளுக்கு எது பயன்படும் என்று ஒருவரும் கேட்கவில்லை.

இதைப் படித்து நீங்கள் சிரித்தால், இப்படியொரு காட்சி உங்கள் வீட்டிலும் நடந்திருக்கிறது என்று பொருள். விண்டோஸ், மாக், லினக்ஸ் என்பவை கம்ப்யூட்டரை உள்ளிருந்து நடத்தும் அடிப்படை ஏற்பாடுகள். இயங்குதளம் என்று அவற்றிற்குப் பெயர். ஒன்று நல்லது, மற்றொன்று மட்டம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். அதற்காக முகம் சிவப்பானேன்? பிரஷர் குக்கரின் பேரால் அண்ணன் தம்பிகள் பேச்சை நிறுத்திக்கொண்டதாக நாம் கேட்டதில்லை. உயிரற்ற கருவியின் பேரால் மனிதன் உயிருள்ள தன் சகோதரனிடம் சீறுவது ஏன் என்பதைச் சற்று ஆராய்வோம்.

கருவியின் மேல் பற்று வைப்பது நம் பக்கத்துக்குப் புதிதல்ல. 1949ஆம் ஆண்டு உருவான டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் நம் அம்பத்தூரில் சைக்கிள் செய்தது. ஹெர்குலிஸ்தான் பாரம் தாங்கும் என்று ஒருவரும், பி.எஸ்.ஏ.தான் மிதிக்க லேசு என்று இன்னொருவரும், பிலிப்ஸ் வண்டியின் பெருமையை மூன்றாமவரும் பேசியதை வயதானவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். அந்த மூன்று பெயர்களும் ஒரே நிறுவனத்தின் பெயர்கள். ஒரே முதலாளியிடம் சம்பளம் வாங்கிய கைகள் பூட்டிய சக்கரங்களை வைத்துக்கொண்டுதான் நம் பெரியவர்கள் கட்சி பிரிந்தார்கள். ஆயினும் அந்தக் கட்சி டீக்கடையோடு முடிந்தது. கம்ப்யூட்டர் கட்சி சாப்பாட்டுப் பந்தி வரை வந்துவிடுகிறதே, அது எதனால்?

முதற் காரணம், கை. சைக்கிளை மாற்றினால் பத்து நிமிடத்தில் பழகிவிடும். கம்ப்யூட்டரோ அப்படியன்று. அதை ஆண்டுக்கணக்கில் பழகியவனுடைய விரல்களில் அது குடியேறிவிடுகிறது. இதற்குத் தமிழிலேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் பிறந்து சிங்கப்பூரில் வாழ்ந்த ஆர். முத்தையா தமிழ்த் தட்டச்சுக்கு எழுத்துப் பலகை அமைத்த முன்னோடி. தட்டச்சுப் பயிலகங்களில் மெழுகுத் துணி மூடிய இயந்திரங்களின் முன் உட்கார்ந்து, இளநிலை, முதுநிலை என்று அரசாங்கப் பரீட்சை எழுதித் தேறி, அந்த விரல்களைக் கொண்டே உத்தியோகம் பெற்று, தம்பி தங்கைகளைக் கரையேற்றியவர்கள் நம் பங்கிலும் உண்டு. தட்டச்சுப் பொறியில் 'கெ' என்ற எழுத்து வேண்டுமானால் கொம்பை முதலில் தட்டி, ககரத்தைப் பிறகு தட்ட வேண்டும். கண்ணுக்குத் தெரிகிற வரிசையே விரலின் வரிசை.

1999ஆம் ஆண்டு பிப்ரவரியில் சென்னையில் தமிழ் இணைய மாநாடு கூடியது. அதையொட்டித் தமிழ்நாடு அரசு 'தமிழ் 99' என்ற புதிய விசைப்பலகையை அறிவித்தது. உயிரெழுத்துகள் இடக்கைக்கு, மெய்யெழுத்துகள் வலக்கைக்கு. ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானே விழும். இலக்கணம் அறிந்தவன் மெச்சக்கூடிய ஏற்பாடு. ஆனால் தமிழ்நாடு முழுவதும் அதற்கு மாறிவிட்டதா? இல்லை. பழைய தட்டச்சுக்காரர்கள் பழையதிலேயே நின்றார்கள். இளைஞர்களில் பலர் ஆங்கில எழுத்துகளைத் தட்டி, அவற்றின் ஒலியைக்கொண்டு தமிழை வரவழைக்கும் முறைக்குப் போனார்கள். இம்மூன்று கூட்டத்தாரும் ஒருவரையொருவர் பார்த்த பார்வையில் மரியாதை குறைவாகவே இருந்தது.

இதை எழுதுகிறவனும் அந்தப் பார்வை பார்த்தவன்தான். அதை மறைத்துவிட்டு மேலே எழுதுவது நேர்மையாகாது.

சில ஆண்டுகளுக்கு முன் நமது பங்கில் கல்யாண ஓலைகளையும் பூசைக் கருத்துகளையும் மரண அறிவிப்புகளையும் ஒரு பெரியவர் தட்டித் தந்துகொண்டிருந்தார். அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அவர் பயன்படுத்தியது பழைய எழுத்துருவும் பழைய விசைப்பலகையும். அவர் தட்டியது அவருடைய கம்ப்யூட்டரில் தமிழாகத் தெரியும். வேறொருவருக்கு அனுப்பினால் புள்ளியும் கோடும் கேள்விக்குறியுமாகத் தெரியும். யூனிகோடு என்ற பொதுமுறைக்கு மாறியே தீர வேண்டும் என்று நான் வாதாடினேன். வாதம் சரியானதே. ஆனால் ஒரு சனிக்கிழமை மாலை, இளைஞர்கள் நாலைந்து பேர் சூழ்ந்திருக்கையில், "ஐயா இன்னும் ரெமிங்டன் காலத்திலேயே இருக்கிறார்" என்று சொல்லிச் சிரித்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அறைச் சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். மறுவாரம் ஓலையை நான்தான் தட்டினேன். மணமகனின் தகப்பனார் பெயரில் ஒரு பிழை. பீடத்திலிருந்து அது அப்படியே வாசிக்கப்பட்டது.

நான் பழித்தது ஒரு விசைப்பலகையை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் காதில் விழுந்ததோ, முப்பது ஆண்டுக் காலம் தம் குடும்பத்துக்குச் சோறு போட்ட வித்தை ஒன்றுக்கும் உதவாதது என்ற தீர்ப்பு. மாக் வைத்திருப்பவனிடம் மாக்கைப் பழிப்பதும், விண்டோஸில் கணக்கெழுதிப் பிழைப்பவரிடம் விண்டோஸைப் பழிப்பதும் இவ்விதமே காதில் விழுகிறது. அவன் உழைத்துக் கற்றதையும், கடன் வாங்கிச் செலவழித்ததையும், யோசித்துத் தேர்ந்ததையும் சேர்த்தே நாம் பழிக்கிறோம். அவன் காப்பாற்றத் துடிப்பது பெட்டியையன்று, தன்னை.

இரண்டாவது காரணம் இன்னும் கவனிக்கத்தக்கது. இதை வீண் கர்வம் என்று தள்ளிவிட முடியாது. பக்கத்து வீட்டுக்காரர் எந்தச் சைக்கிள் வாங்கினாலும் என் சைக்கிள் ஓடும். கம்ப்யூட்டரோ மொழியைப் போன்றது. பேச ஆள் இருந்தால்தான் அதற்குப் பயன். என் இயங்குதளத்தைப் பலர் கைவிட்டால், அதற்கு நிரல் எழுத ஆள் இராது. பழுது பார்க்க ஆள் இராது. நான் அனுப்பும் கடிதம் மற்றவரிடம் திறக்காது. ஆகையால் பிறனுடைய தேர்வு என்னைத் தொடுகிறது. 1990களில் தமிழ் அச்சகம் ஒவ்வொன்றும் தனக்கென ஓர் எழுத்துரு வைத்துக்கொண்டு, ஒன்றின் கோப்பை மற்றொன்று படிக்க முடியாமல் தவித்தது பலருக்கு நினைவிருக்கும். 2010 ஜூனில், கோவைச் செம்மொழி மாநாட்டையொட்டி, யூனிகோடைத் தரமாகத் தமிழ்நாடு அரசு ஏற்று அறிவித்த பிறகே அந்தத் தவிப்பு குறையத் தொடங்கியது. இத்தகைய நிலையில், தன் பக்கம் ஆள் சேர வேண்டும் என்று ஒருவன் ஆவல்கொள்வதில் ஓரளவு நியாயம் இருக்கிறது.

2011 செப்டம்பரில் மாணவர்களுக்கு இலவச லேப்டாப் வழங்கும் திட்டத்தை நமது திருவள்ளூர் மாவட்டத்தில்தான் அரசு தொடங்கிவைத்தது. அந்த லேப்டாப்புகளில் விண்டோஸ் ஒரு பக்கமும், மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய 'பாஸ்' என்ற லினக்ஸ் மறுபக்கமுமாக இரண்டு இயங்குதளங்கள் இருந்தன. பிள்ளைகளில் எத்தனையோ பேர் லினக்ஸ் பக்கம் எட்டிப் பார்க்கவேயில்லை. நண்பனிடம் உள்ள விளையாட்டு அதில் ஓடாது என்பதே போதிய காரணமாயிற்று.

லினக்ஸ்காரர்களைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். அவர்கள் சண்டை எப்போதும் வெறும் சண்டையன்று. 1983ஆம் ஆண்டு அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் ஒரு கேள்வியை எழுப்பினார்: ஒருவன் தன் வேலைக்கு நம்பியிருக்கும் நிரலைத் திறந்து பார்க்கவும், திருத்தவும், அயலானுக்குக் கொடுக்கவும் அவனுக்கு உரிமை உண்டா, இல்லையா? 1991இல் பின்லாந்து தேசத்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸின் கருவை எழுதி உலகத்துக்கு விட்டார். அரசாங்கப் பள்ளிக்கூடம் ஒரே அந்நியக் கம்பெனியை நம்பியிருக்கலாமா என்பது உண்மையில் நீதியைப் பற்றிய விசாரணைதான். அதில் சூடு பிறந்தால் தவறில்லை. ஆனால் விசாரணையில் தொடங்கிய பேச்சு "நீ அடிமை" என்பதில் முடிந்தால், இடையில் எங்கோ பாதை மாறிவிட்டது.

நிற்க. கையும் பணமும் இல்லாமலே கட்சி பிறக்குமா? பிறக்கும். போலந்தில் யூதராகப் பிறந்து, நாஜிகளின் படுகொலையில் தம் குடும்பத்தாரை இழந்து, போர்க் கைதியாக இருந்து தப்பிய ஹென்றி தாஜ்ஃபெல் என்ற உளவியல் அறிஞர், இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்துப் பள்ளிச் சிறுவர்களை வைத்து ஒரு சோதனை நடத்தி 1971இல் அதை வெளியிட்டார். இரண்டு ஓவியர்களின் படங்களில் எது பிடிக்கிறது என்று கேட்டு, அதன்படியே இரண்டு கூட்டமாகப் பிரித்திருப்பதாகச் சிறுவர்களிடம் சொன்னார்கள். உண்மையில் பிரித்தது கண்ணை மூடிக்கொண்டு. யார் தன் கூட்டம் என்பதும் சிறுவனுக்குத் தெரியாது. பிறகு, பெயர் சொல்லாத மற்றச் சிறுவர்களுக்குக் காசு பங்கிடச் சொன்னார்கள். தனக்கு ஒரு காசும் இல்லை. அப்படியிருந்தும் சிறுவர்கள் தங்கள் கூட்டத்தானுக்கே அதிகம் கொடுத்தார்கள். அது மட்டுமா? இரு கூட்டத்துக்கும் அதிகமாகக் கிடைக்கும் வழியை விட்டுவிட்டு, தன் கூட்டத்துக்குச் சற்றுக் குறைந்தாலும் பரவாயில்லை, எதிர்க் கூட்டத்தைவிட மிஞ்சியிருந்தால் போதும் என்ற வழியைப் பலமுறை தேர்ந்தார்கள். வாசகரே, இவ்விடத்தில் சற்று நின்று யோசியுங்கள். முன்பின் பாராத ஓவியம் ஒன்றின் பேரால் இது நடக்குமானால், நாள்தோறும் எட்டு மணி நேரம் கண்முன் இருக்கும் கருவியின் பேரால் என்னதான் நடக்காது?

கொரிந்து நகரத்துச் சபையார் சின்னப்பர் கட்சி, அப்பொல்லோ கட்சி, கேபா கட்சி என்று பிரிந்து நின்றதை அர்ச். சின்னப்பர் தம் முதல் நிருபத்தில் கண்டித்ததை நாம் அறிவோம். அங்கே வியப்பு யாதெனில், சின்னப்பருக்கும் அப்பொல்லோவுக்கும் இடையில் போட்டியே இல்லை. இருவரும் ஒரே வயலில் உழைத்தவர்கள். சண்டை பின்னால் நின்றவர்களுடையது.

கம்ப்யூட்டர் உலகில் இதற்கு நேரான காட்சி ஒன்றுண்டு. 1997 ஆகஸ்டில் பாஸ்டன் நகரத்தில் ஆப்பிள் அன்பர்கள் கூடியிருந்த மேடையில் ஸ்டீவ் ஜாப்ஸ் நின்று, மைக்ரோசாஃப்ட் நிறுவனம் ஆப்பிளில் 15 கோடி டாலர் முதலீடு செய்கிறது என்று அறிவித்தார். பின்னாலிருந்த பெரிய திரையில் பில் கேட்ஸின் முகம் தோன்றியது. கூட்டத்திலிருந்து கூச்சல் எழுந்தது. தலைவர்கள் உடன்படிக்கை செய்துகொண்டார்கள். தொண்டர்களுக்குத்தான் மனம் ஆறவில்லை. இந்தக் கோபத்தை முன்பு ஊட்டி வளர்த்ததும் கம்பெனிதான். 1984இல் மெக்கின்டோஷை அறிமுகப்படுத்திய விளம்பரத்தில், திரையில் முழங்கும் கொடுங்கோலன் ஒருவன்மீது ஓர் இளம்பெண் சம்மட்டியை வீசுவாள். தங்கள் பெட்டியை வாங்குவது விடுதலை, பிறர் பெட்டியில் இருப்பது அடிமைத்தனம் என்பதே அதன் குறிப்பு. அக்காலத்தில் ஆப்பிளுக்காகப் பிற நிறுவனங்களிடம் சென்று ஆள் திரட்டியவர்களுக்கு அங்கே வழங்கிய பட்டம் என்ன தெரியுமா? நற்செய்தியாளர்! நம் மத்தேயு, மாற்கு, லூக்காஸ், அருளப்பரின் பட்டம்.

இத்தாலிய எழுத்தாளர் உம்பர்ட்டோ எக்கோ 1994இல் தம் பத்திரிகைப் பத்தியில் இதை வைத்து நன்றாக விளையாடினார். மெக்கின்டோஷ் கத்தோலிக்கமாம்: விசுவாசியைக் கைப்பிடித்து, படிப்படியாக, படம் காட்டி, கரை சேர்த்துவிடும். பழைய டாஸ் முறை புரொட்டஸ்டாண்டாம்: நீயே வாசி, நீயே தீர்மானி, எல்லோரும் கரை சேர்வார்கள் என்ற உறுதியில்லை. விண்டோஸ் ஆங்கிலிக்கன் பிரிவாம்: வெளிச் சடங்கெல்லாம் ஆடம்பரம், உள்ளே டாஸ் ஒளிந்திருக்கிறது. (பக்கத்துத் தெரு சி.எஸ்.ஐ. அன்பர்கள் கோபிக்க வேண்டாம். நம்மையும்தான் சேர்த்துக் கிண்டல் செய்திருக்கிறார்.) அவர் செய்தது வேடிக்கை. ஆயினும் வேடிக்கைக்கு உள்ளே ஓர் உண்மை நெருடுகிறது. நாம் எதைச் சேர்ந்தவர்கள் என்ற கேள்வி மனிதனை விடுவதில்லை. கோவிலில் அதற்குப் பதில் தேடாதவன் கடையில் தேடுகிறான்.

இனி நம் ஊருக்கு வருவோம். பூந்தமல்லியிலிருந்து மேற்கே போகும் பெங்களூர் நெடுஞ்சாலையில் தொழிற்சாலைப் பேருந்துகள் அதிகாலையில் வரிசையாகப் போவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்தச் சாலையை ஒட்டிய ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்தில் நோக்கியா 2006இல் தொழிற்சாலை தொடங்கி 2014இல் மூடியது. டெல் 2007இல் வந்தது. ஆப்பிளின் ஐபோன்களைப் பாக்ஸ்கான் நிறுவனம் சில ஆண்டுகளாக அங்கே பூட்டித் தருகிறது. உலகத்தின் மறுகோடியில் எதிரெதிர்க் கட்சியார் மார்தட்டிக்கொள்ளும் பெட்டிகளைச் செய்கிறவர்கள் இங்கே ஒரே சாலையில், சில சமயம் ஒரே தெருவிலிருந்து புறப்பட்டுப் போகிறார்கள். 2021 டிசம்பரில், பூந்தமல்லி அருகே விடுதியொன்றில் தங்கியிருந்த பாக்ஸ்கான் தொழிலாளிப் பெண்களுக்கு உணவு நஞ்சாகி, நூற்றைம்பதுக்கும் மேற்பட்டவர்கள் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். தோழிகளின் கதி தெரியாமல் பெண்கள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்து மறியல் செய்தார்கள். தொழிற்சாலை மூடப்பட்டது, தங்குமிடங்களும் உணவுக்கூடங்களும் தரத்துக்குக் குறைவாக இருந்ததை ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டது. மறு ஜனவரியில்தான் வேலை தொடங்கியது.

அந்த நாட்களில் ஐபோன் உயர்ந்ததா, ஆண்ட்ராய்டு உயர்ந்ததா என்று வாதாடிக்கொண்டிருந்த நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரிந்திருந்தது? எனக்கே மறியலால் பேருந்து தாமதமானபோதுதான் தெரிந்தது. கேமராவில் எத்தனை மெகாபிக்சல் என்று விரல்நுனியில் வைத்திருந்தேன். அதைப் பூட்டியவள் எங்கே சாப்பிடுகிறாள் என்று ஒருநாளும் கேட்டதில்லை. கோபப்படும் சக்தி மனிதனுக்குக் கொஞ்சமாகத்தான் கொடுக்கப்பட்டிருக்கிறது போலும். அதைப் பெட்டியின்மேல் செலவழித்துவிட்டால், ஆளுக்காக மிச்சம் இருப்பதில்லை.

அந்தப் பெரியவரின் கதையைப் பாதியில் விட்டேன். தவக்காலத்தில் ஒரு மாலை அவர் வீட்டுக்குப் போனேன். காப்பி வந்தது. மன்னிப்புக் கேட்டேன். "அந்தக் கீபோர்டு நல்லதுன்னே வச்சுக்குங்க தம்பி, என் விரலுக்குத் தெரியாதே" என்றார். திரும்பி வந்து, செய்ய வேண்டிய வேலையை அப்போதுதான் செய்தேன், விசாரித்தேன். யூனிகோடு என்பது எழுத்தைச் சேமிக்கும் முறை. விசைப்பலகை என்பது எழுத்தைத் தட்டும் முறை. இரண்டும் வேறு. என்.எச்.எம். ரைட்டர், இ-கலப்பை போன்ற இலவச நிரல்களில் பழைய தட்டச்சுப் பலகையை வைத்துக்கொண்டே யூனிகோடில் தட்டலாம். அவர் விரல் எதையும் மறக்க வேண்டியதே இல்லை. வாதாடிய ஆறு மாதத்தில் இதை நான் ஒருமுறையாவது விசாரித்திருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். ஜெயிப்பதில் இருந்த மும்முரத்தில் கேட்கத் தோன்றவில்லை.

இப்போது ஓலைகளை அவரே தட்டித் தருகிறார். பெயர்களில் பிழை வருவதில்லை. அலுவலக அறைக்கு மட்டும் அவர் வருவதில்லை. சனிக்கிழமை மாலை வீட்டிலிருந்தே அனுப்பிவிடுகிறார்.